சனிக்கிழமை ரொட்டி

டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த மஞ்சள் கட்டியை ஞானசெல்வி கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தபோது தெருவில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. அவள் தலையைத் தூக்கவில்லை. கீரனூர் மாதா கோயில் தெருவுக்குக் கார் வந்தால் அது சாமியாரைப் பார்க்க வந்த காராகத்தான் இருக்கும். கட்டிதான் வருவேனா என்றது. இன்றைக்கு இரண்டு துண்டு ரொட்டிக்கு மேல் தேறாது, புருஷனுக்கு ஒன்றரை, தனக்கு அரை என்று நினைத்துக்கொண்டாள்.

அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. வெங்காயத்தைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கிண்ணத்தில் வைத்திருந்தாள். தக்காளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகாய்ப்பொடியும் உப்பும் குழைத்த நல்லெண்ணெய் எல்லாம் வரிசையாக இருந்தன. ரொட்டி மட்டும்தான் வர வேண்டும். அதை அவள் புருஷன் அடைக்கலராஜ் ஆறே கால் பஸ்ஸில் திருச்சியிலிருந்து கொண்டு வருவான். அங்கே ஓர் அச்சாபீசில் அவனுக்கு பைண்டிங் வேலை. தினமும் போய் வருகிற பஸ்தான் என்றாலும் சனிக்கிழமை மட்டும் அது மெதுவாக வருவதாக அவளுக்குத் தோன்றும்.

அந்தப் பக்கத்தில் ரொட்டி என்பது சாப்பாடு இல்லை, மருந்து. காய்ச்சலில் கிடப்பவனுக்குப் பாலில் நனைத்துக் கொடுப்பார்கள். ஒருவன் கையில் ரொட்டிப் பொட்டலத்தைப் பார்த்தால், வீட்டில் யாருக்கு முடியவில்லை என்றுதான் விசாரிப்பார்கள். மாசி மாதத்தில் முதல் தடவையாக அவன் ரொட்டியோடு வந்து நின்றபோது அவளும் அதைத்தான் கேட்டாள். காய்ச்சல்காரன் மட்டும்தான் தின்ன வேண்டும் என்று சட்டமா, நேற்றுச் சுட்டது, பாதி விலைக்குக் கொடுத்தான் என்று சொல்லிவிட்டு அவன் கால் கழுவப் போய்விட்டான்.

வெளுத்துப்போய், ஓரம் காய்ந்து, தட்டில் கிடந்த அந்த ரொட்டியைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. இதை எப்படி வெறுமனே ஒரு மனிதன் தின்பது என்று வெங்காயத்தை எடுத்து அரிந்தாள். அப்போதுதான் மஞ்சள் கட்டி ஞாபகம் வந்தது. கோயிலில் பால்பவுடரோடு வீட்டுக்கு ஒரு டப்பா என்று கொடுத்த அமெரிக்கப் பால்கட்டி, சீஸ் என்று சாமியார் சொன்னது. தெருவில் யாருக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் சோப்பு என்று நினைத்து வேட்டியில் தேய்த்துப் பார்த்தார். மற்றவர்கள் நாய்க்குப் போட்டார்கள். நாய்கள் குறை சொல்லவில்லை. அவள் கொஞ்சம் சுரண்டி ரொட்டியின் மேல் தூவி, கல்லில் வைத்து, ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடினாள். திறந்தால் கட்டி உருகி வெங்காயத்தையும் மிளகாயையும் பிடித்துக்கொண்டு நின்றது. வாயில் வைத்தால் நூல்நூலாக இழுத்தது. அவன் தாடையில் ஒரு நூல் தொங்கியதைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள்.

அதற்கு ஐந்து மாதம் முன்னால்தான் மூன்று மாதப் பெண் குழந்தையைக் காய்ச்சலுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த ஐந்து மாதமும் அவள் சமைத்தாளே தவிரச் சாப்பிட்டாள் என்று சொல்ல முடியாது. ஆவூரிலிருந்து நாத்தனார் ஜெபமாலையம்மாள் வந்து ஒரு மாதம் இருந்து, கெஞ்சியும் திட்டியும் பார்த்துவிட்டு, முடியாமல் ஊருக்குத் திரும்பினாள். மாசியில் வந்த அந்த முதல் ரொட்டியில் செல்வி இரண்டு துண்டு தின்றாள். அடுத்த சனிக்கிழமையும் அவன் ரொட்டி வாங்கி வந்தான். தெரு ஒதுக்கிய டப்பாக்களெல்லாம் அவள் அடுக்களைக்கு வந்து சேர்ந்தன. இப்போது சுரண்டுவது கடைசி டப்பா.

கொல்லைக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டுச் சொர்ணம் உள்ளே வந்தாள். சனிக்கிழமை மணம் சுவரைத் தாண்டினால் அவளுக்கும் ஒரு துண்டு போகும். அதற்காக இவ்வளவு சீக்கிரம் வர மாட்டாளே என்று செல்வி நினைத்தாள். சொர்ணம் அடுப்பைப் பார்த்தாள். மூலையில் இருந்த குடத்தைத் தூக்கி வந்து அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். சாம்பல் குபுக்கென்று எழும்பியது. தோசைக்கல் சீறி அடங்கியது.

"என்னக்கா பண்றீங்க, கல்லு இப்பத்தான் காஞ்சுச்சு" என்றாள் செல்வி.

சொர்ணம் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கையிலிருந்த கத்தியை மெல்ல வாங்கிக்கொண்டாள். அடுப்பை இப்படி அணைப்பது எந்த வீட்டில் என்று செல்விக்குத் தெரியும். தெரிந்தும், வெங்காயத்தின் மேல் சாம்பல் விழுந்துவிட்டதே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. வேறொரு கிண்ணத்தை எடுத்து அதை மூடிவிட்டுத்தான் வாசலுக்குப் போனாள்.

காரில் வந்தவர்கள் அச்சாபீஸ் குமாஸ்தாவும் டிரைவரும். மத்தியானம் ரத்தமாக வாந்தி எடுத்தார், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், மூன்று மணிக்கு முடிந்துவிட்டது என்று குமாஸ்தா தரையைப் பார்த்துச் சொன்னார். காலையில் அவள் மடித்துக் கொடுத்த சட்டை, காரின் பின்சீட்டில் கிடத்தியிருந்த அவன் மேல் இல்லை. யாருடையதோ போர்வை இருந்தது. டிரைவர் அவன் பையைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். உள்ளே கழுவித் துடைத்த சோற்றுத் தூக்கும், மெழுகுத் தாளில் சுற்றிய ரொட்டியும் இருந்தன. அவள் பையை வழக்கமான ஆணியில் மாட்டினாள். அழுகை வரவில்லை. ஆறே கால் பஸ் மெயின் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் இறங்கி நடந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்று மனது பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தது.

ஜெபமாலையம்மாள் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்தாள். அடைக்கலராஜைவிடப் பத்து வயது மூத்தவள்; தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். வாசலிலிருந்தே மார்பில் அடித்துக்கொண்டு வந்து, தலைமாட்டு மெழுகுவர்த்திகளுக்குப் பக்கத்தில் விழுந்து, குரல் போகிறவரை அழுதாள். பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு காரியம் பார்க்கத் தொடங்கினாள். அவள் அப்படித்தான். பெட்டியில் போடும்போது கட்ட நல்ல வேட்டி வேண்டுமென்று அலமாரியைத் திறந்தாள். அலமாரித் தட்டுகளில் வரிசையாக மெழுகுத் தாள் விரித்திருந்தது. அடித்தட்டில் இன்னும் ஒரு கற்றைத் தாள், மடித்து நூலால் கட்டி வைத்திருந்தது. ரொட்டி சுற்றி வந்த தாள்களில் ஒன்றைக்கூடச் செல்வி எறிந்ததில்லை. ஜெபமாலையம்மாள் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். ஆணியில் தொங்கிய பையையும் திறந்து பார்த்தாள். பிறகு செல்வியைக் கையைப் பிடித்து அடுக்களைக்குள் கூட்டிப்போனாள்.

"எத்தன மாசமா அவனுக்கு நோவு?"

"நோவெல்லாம் இல்ல மதினி."

"அப்ப இம்புட்டு ரொட்டி யாரு தின்னது?"

செல்வி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நடுவீட்டில் அவன் கிடக்கிறான். தெருவே கூடி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறது. ருசிக்காகத் தின்றோம், நாங்கள் இரண்டு பேர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு வாரா வாரம் தின்றோம் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. புருஷன் செத்த வீட்டில் இப்படி ஒரு வெட்கம் வருமா என்று அதுவும் சேர்ந்து வெட்கமாக இருந்தது.

"சும்மாதான் சாப்புட்டோம்" என்றாள்.

"சும்மா யாராச்சும் ரொட்டி திம்பாங்களா?" ஜெபமாலையம்மாள் கையிலிருந்த தாளை நீட்டினாள். "நோவுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஓடியாந்திருக்க மாட்டேனா? சாமியாரக் கூப்புட்டு, போறதுக்கு முன்னாடி எண்ணெ தொட்டு அவஸ்தை பூசியிருக்கலாமே. பாவசங்கீர்த்தனம் இல்லாம, நன்மை வாங்காம, எந்தம்பி அநாதையாட்டம் போயிட்டானே. எதுக்கு மறச்ச?"

செல்வி ஆணியிலிருந்து பையை எடுத்து, தூக்கை வெளியே எடுத்துத் திறந்து காட்டினாள். நேற்றைக்குக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் சோறும் வைத்து அனுப்பியிருந்தாள். ஒரு பருக்கை மிச்சமில்லை. நோவாளி இவ்வளவு சோற்றையும் தின்பானா என்று கேட்டாள். இத்தனை மாதமாக ஒரு நாள்கூடத் தூக்கில் மிச்சம் வந்ததில்லை என்றும் சொன்னாள். ஜெபமாலையம்மாள் தூக்கைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். எதை நம்புவதென்று அவளுக்குத் தெரியவில்லை. செல்விக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் காலித் தூக்கை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு அச்சாபீஸ் ஆட்கள் ஏழெட்டுப் பேர் மாலையோடு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் தங்கமுத்து. அடைக்கலராஜுக்கு அடுத்த மேஜையில் தாள் வெட்டுகிறவர். பெண்டாட்டியை இழந்து ஒண்டியாக இருப்பவர் என்று அவன் சொல்லிக் கேட்டிருக்கிறாள். மாலையைப் போட்டுவிட்டு, தலையைத் துண்டால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஜெபமாலையம்மாள் அவரிடம் போய், என் தம்பிக்கு உடம்புக்கு ஏதும் இருந்ததா, நீங்களாவது சொல்லுங்கள் என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டாள்.

அவர் ஆச்சரியப்பட்டு நிமிர்ந்தார்.

"குடல்ல புண்ணுங்க. எட்டு மாசமாச்சு. பாலும் ரொட்டியுந்தான் சாப்புடணும், காரம் புளி தொட்டா ரத்தம் கக்குவேன்னு டாக்டரு அப்பவே சொல்லிப்புட்டாரு. நாந்தான் கூடப் போனேன். தங்கச்சிக்குத்தான் எல்லாம் தெரியுமே."

செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்கு இருந்தது. அதைப் பார்த்ததும் தங்கமுத்துவின் கண் கலங்கிவிட்டது. அவர் அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"தெனம் மத்தியானம் அவன் ரொட்டியப் பால்ல நனச்சு முழுங்குவான், நீங்க குடுத்து விட்ட சோத்த நான் சாப்புடுவேன். ஆக்கிப்போட ஆளில்லாதவன்னு எனக்காகவே நீங்க மெனக்கெட்டு ஆக்கி அனுப்புறதாச் சொன்னான். நேத்துக்கூடக் கத்தரிக்காக் கொழம்பு. எட்டு மாசம் உங்க கையால சாப்புட்டுருக்கேன் தங்கச்சி, ஒரு நாளு நேர்ல வந்து சொல்லணும்னு இருந்தேன். இப்படி வந்து சொல்றேன்."

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். துக்க வீட்டில் நல்லது சொல்ல வேண்டுமென்று நினைக்கிற மனிதர், இன்னும் சொன்னார். சனிக்கிழமையானால் காலையிலேயே ரொட்டி வாங்கி வைத்துவிடுவானாம். செல்வி பாலைக் காய்ச்சி ஆற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பாள் என்பானாம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் நன்மை வாங்கிக்கொண்டுதான் வேலைக்கு வருவானாம்.

ஜெபமாலையம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். பூசையில் நன்மை அப்பம் வாங்கியிருந்தான் என்றால், அதற்கு முன்னால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் செய்திருக்கிறான். அவள் வந்து செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். புத்தியில்லாமல் பேசிவிட்டேன், மனதில் வைக்காதே என்றாள். எட்டு மாதமும் பத்தியம் பார்த்து அவனை நிறுத்தி வைத்திருந்திருக்கிறாள், அவன் கேட்டுக்கொண்டதற்காக யாரிடமும் மூச்சு விடவில்லை, இப்படி ஒரு பொம்பிளை யாருக்குக் கிடைப்பாள் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லி அழுதாள். பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். வாசல் பக்கமாக நின்ற சொர்ணத்தின் கண்ணைச் செல்வியின் கண் தொட்டது. சொர்ணம் தலை குனிந்துகொண்டாள்.

செல்விக்குக் காது அடைத்துவிட்டது. எதிரே வாய்கள் அசைவது மட்டும் தெரிந்தது. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ராத்திரிக்குப் புளி வேண்டாம், பஸ்ஸில் குலுங்கி வயிறு ஒரு மாதிரி இருக்கிறது, மோர் போதும் என்று அவன் சொன்னது. ஞாயிற்றுக்கிழமைக் கறியைத் தன் தட்டிலிருந்து எடுத்து அவள் தட்டில் வைத்தது. சனிக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் தலையணையை வயிற்றுக்குக் கொடுத்துக் குப்புறப் படுத்தது. இதென்ன சின்னப்பிள்ளை மாதிரி என்று அவள் கேலி செய்திருக்கிறாள். ஆமாம், சின்னப்பிள்ளைதான் என்பான். போன சனிக்கிழமை மிளகாய்ப்பொடி கொஞ்சம் தூக்கல். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. நல்லா இருக்கு என்று சொன்னான். அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அவன் முகத்தைத் திருப்பி, ஏன் தின்றாய் என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

நாலு மணிக்குச் சாவு மணி அடித்தது. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். பெட்டியைத் தூக்கினார்கள். கல்லறையில் குழந்தையின் சின்ன மேட்டுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டியிருந்தார்கள். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் போடச் சொன்னபோது அவள் எடுத்துப் போட்டாள். கையைத் தட்டிவிட்டு முகத்தைத் துடைத்தாள். இரண்டு தடவை குளித்தும், மண்ணை அள்ளியும், விரல்களில் வெங்காய வாசம் அப்படியே இருந்தது.

திரும்பி வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அடுப்பு மூட்டாத வீடு என்பதால் சொர்ணம் தன் வீட்டிலிருந்து கஞ்சியும் துவையலும் கொண்டுவந்தாள். எல்லாரும் ஆளுக்கொரு கிண்ணம் குடித்தார்கள். செல்வி தொடவில்லை. நனைந்த சாம்பலுக்கு மேல் தோசைக்கல் அப்படியே இருந்தது. கவிழ்த்த கிண்ணத்துக்குக் கீழே வெங்காயம் வாடிப் பழுப்பேறியிருக்கும். அதைக் கொட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஜெபமாலையம்மாள் சொர்ணத்திடம் வெந்நீர் கேட்டு வாங்கி, கோயில் பால்பவுடரைக் கட்டியில்லாமல் கலக்கினாள். பையிலிருந்த ரொட்டியை எடுத்தாள். மெழுகுத் தாளைக் கிழிக்காமல் பிரித்து, மடித்து, அலமாரியில் மற்றவற்றோடு வைத்தாள். பிறகு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் பாலில் போட்டாள்.

"நேத்துலேர்ந்து பச்சத்தண்ணி படல ஒன் வாயில. அவனுக்குக் குடுத்த மாதிரியே செஞ்சிருக்கேன். ரெண்டு வாய் சாப்புடு."

செல்வி கிண்ணத்தைப் பார்த்தாள். சும்மா இருந்துவிடலாம். ஊர் முழுக்க அவளை மெச்சிவிட்டுப் போய்விட்டது. சொர்ணம் ஒருநாளும் வாயைத் திறக்க மாட்டாள். இந்த நாத்தனார் ஒருத்திதான் அவளுக்கு இனி மிச்சமிருக்கிற உறவு. அவளையும் இழக்க வேண்டியதில்லை.

"அவங்களுக்கு நான் பாலு குடுக்கல மதினி" என்றாள்.

ஜெபமாலையம்மாளின் கை நின்றது.

"ரொட்டி மேல வெங்காயம், பச்ச மொளகா, மொளகாப்பொடி எல்லாம் போட்டுச் சுட்டுக் குடுத்தேன். வாரா வாரம். நோவுன்னு எங்கிட்ட அவங்க சொல்லவே இல்ல. எனக்குத் தெரியாது."

கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த சொர்ணத்தின் கையும் நின்றுவிட்டது.  ஜெபமாலையம்மாளின் முகம் ஒரு தடவை கோணியது. கையில் மிச்சமிருந்த ரொட்டி நொறுங்கி மடியில் விழுந்தது. அடித்துவிடுவாள் என்றே செல்வி நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"தின்னானா?" என்று கடைசியில் கேட்டாள்.

"மொதத் துண்ட அவங்கதான் எடுப்பாங்க. அப்பறம் நான் திங்கிறதப் பாத்துக்கிட்டே இருப்பாங்க."

"நீ தின்னியா?"

"தின்னேன்."

"எப்பலேர்ந்து?"

"மாசியிலேர்ந்து."

ஜெபமாலையம்மாள் மடியில் கிடந்த ரொட்டித் தூளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். வெகு நேரம் பொறுக்கினாள்.

"மாசிக் கடைசியில ஒரு கார்டு போட்டான்" என்றாள். "அவன் கார்டு போடுற ஆளே இல்ல. வாத்தியாரு வீட்டுல குடுத்துப் படிக்கச் சொன்னேன். செல்வி இப்ப சாப்புடுறா, நீ கவலப்படாதன்னு அவ்வளவுதான் எழுதியிருந்தான். மிச்ச எடமெல்லாம் வெறுமனே கெடந்துச்சு."

 ஜெபமாலையம்மாள் எழுந்து, கவிழ்த்திருந்த கிண்ணத்தை எடுத்துக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். கொட்டுகிற சத்தமும் கழுவுகிற சத்தமும் கேட்டன. செல்வி ரொட்டிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கையை விட்டு ஒரு வாய் எடுத்தாள். உப்பில்லை, உறைப்பில்லை. மென்று பார்க்க அதில் ஒன்றும் இல்லை. விழுங்கினாள். இன்னொரு வாய் எடுக்கக் குனிந்தபோது கிண்ணத்தில் பாலைக் காணோம். அவ்வளவையும் ரொட்டி குடித்துவிட்டிருந்தது.